ஐந்து இருபத்தைந்து

மில் சங்கு ஊதுவது ஐந்தரைக்கு.
நாங்கள் விழிப்பது ஐந்து இருபத்தைந்துக்கு.
அலாரம் வைப்பதில்லை,
அதற்கும் அலறுவான்.

நடுவில் யுகேன்,
உள்ளங்கையில் இறுக்கிய ஒரு செம்பனைக் கொட்டையோடு.
அவன் காதுகளின் மேல் என் கைகள்,
என் கைகளின் மேல் கோபியின் கைகள்.
குலை வெட்டிக் காய்ப்பேறிய கை,
சவர்க்காரத்துக்கும் போகாத எண்ணெய் வாடை.
சங்கு ஊதும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.
அவன் இமை ஒருமுறை துடித்து அடங்கும்.
நாற்பது விநாடி.
ஒரு நாளில் நாங்கள் தொட்டுக்கொள்வது
அவ்வளவுதான்.

மில் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தார் ஒரு தடவை.
சங்கு முந்நூறு பேருக்கு,
உன் மகன் ஒருத்தன், என்றாராம்.
வரும்போது இயந்திர அறையில் மாட்டுகிற
காதடைப்பான் ஒன்று வாங்கி வந்தார்.
யுகேன் அதைச் சாக்கடையில் போட்டான்.
கைகள் மிஞ்சின.

பிறகு ஷிப்டு.
அவர் தோட்டத்திலிருந்து மூன்று மணிக்கு வருவார்,
மூன்றேகாலுக்கு நான் கையுறை ஃபேக்டரி வேன் ஏறுவேன்.
வாசலில் பிள்ளையைக் கைமாற்றுகிறோம்,
கூடவே சேதிகளை:
"சோறு தின்னான், குழம்பு படாம."
"இன்னிக்கு ஃபேன் சுவிட்ச்சு."
"கடிச்சுட்டான், தோள்ல. பரவால்ல."

முதல் வருஷம்
இரண்டு குடும்ப மரத்தையும் பிடித்து உலுக்கினோம்.
என் பக்கத்தில் ஏழு வயதில் பேச ஆரம்பித்த மாமா விழுந்தார்,
அவர் பக்கத்தில் கல்யாணமே வேண்டாமென்று
நாள்காட்டியோடு மட்டும் பேசிய சித்தப்பா.
உன் ரத்தம், உன் ரத்தம் என்று
பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டோம்.
அவன் கதவருகே
கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.
கத்திக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்த
நான்கு கால்களில் ஒன்றுகூட
அந்த வரிசையில் படவில்லை.

கல்யாணப் பத்திரிகை வந்தால் காசு சுண்டுகிறோம்.
லாபிஸ் மண்டபத்தில் யார் கேட்டாலும்
"அவருக்கு வேலை" என்பேன் நான்.
அவர் போனால் "அவளுக்குத் தலைவலி".
எட்டு வருஷமாக எனக்குத் தலைவலி.
எந்த வீட்டு ஆல்பத்திலும் நாங்கள் சேர்ந்து இல்லை.
பிரிந்துவிட்டோம் என்றுகூட
மார்க்கெட்டில் பேச்சு இருந்தது;
மீன் வாங்கிக்கொண்டே கேட்டேன்.

ஓகேயு கார்டுக்குப் படம் எடுத்த அன்று
சிகாமட்டில் அந்த மலாய்க்காரப் பெண்
"சினி, அடிக், சினி" என்று விரல் சொடுக்கினாள்.
அவன் காத்தாடியையே பார்த்தான்.
கோபி எழுந்துபோய்
கேமராவுக்குப் பின்னால் நின்று
இரண்டு கையையும் விரித்துச் சுழன்றார்,
வேலைச் சட்டையோடு,
நம்பர் பிடித்துக் காத்திருந்த முப்பது பேர் முன்னால்.
கார்டில் என் மகன் சிரிக்கிறான்.
இந்த ஆளைக் கட்டிக்கொண்டதை
அன்றைக்குத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹரி ராயாவுக்கு மில்லை மூன்று நாள் சாத்தினார்கள்.
ஐந்து இருபத்தைந்துக்கு இரண்டு பேரும் விழித்தோம்.
கைகள் தாமாகவே காதுக்குப் போயிருந்தன.
ஐந்தரை.
ஐந்து முப்பத்தொன்று.
எதுவும் ஊதவில்லை. கூரையில் ஒரு பல்லி.
கையை எடுக்கப் பார்த்தேன்,
மேலே இருந்த கை விடவில்லை.
"கரண்டு பில்லு கட்டணும்" என்றார்.
"நேத்தே கட்டிட்டேன்."
"ம்."

ஐந்து நாற்பதுக்கு யுகேன் கண் திறந்தான்.
எங்களைப் பார்க்காமல்
விரல் விரலாக எங்கள் கைகளைப் பிரித்து
ஓரமாக வைத்துவிட்டு
கொட்டையைத் தேடினான்.
போர்வைக்குள் எங்கேயோ உருண்டிருந்தது.
விளக்குப் போடாமல்
மூன்று பேரும் துழாவினோம்.